எழுத்தில்லாப் பக்கத்தில் எதை வாசிப்பது?

சென்ற இதழில், சொற்களே இல்லாத படக்கதைப் புத்தகங்களைப் பற்றிப் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்களுக்கே இம்முறை பக்கம் முழுவதும் போய்விட்டது. மற்ற வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: என் மகளுக்கு மூன்றரை வயது. அவளுக்குப் பரிசாக வந்த படப் புத்தகத்தில் ஓர் எழுத்துகூடக் கிடையாது. நான் கதை சொல்லத் தொடங்கினால் அவள் காதில் வாங்குவதில்லை. ‘பூனை, குடை, மரம்’ என்று விரல் வைத்துப் பெயர்களை மட்டும் சொல்லிவிட்டுப் புத்தகத்தை மூடிவிடுகிறாள். அவளுக்குக் கதை புரியவில்லையா, நான் சொல்லும் விதம்தான் சரியில்லையா?

பதில்: இரண்டுமே இல்லை, அந்த வயதுக் குழந்தை பெரும்பாலும் அப்படித்தான் பார்க்கும். அமெரிக்க ஓவியர் மெர்சர் மேயர் 1969இல் வெளியிட்ட ஒரு சொல்லில்லாக் கதை இருக்கிறது: ஒரு பையனும் அவனுடைய நாயும், ஜாடியிலிருந்து தப்பிப்போன தங்கள் தவளையைத் தேடி அலைவதை 24 படங்களில் சொல்வது. குழந்தைகளுக்காக வரையப்பட்ட இந்தச் சிறு புத்தகத்தை மொழியியலாளர்கள் தங்கள் ஆய்வுக் கருவியாக்கிக்கொண்டார்கள். ஏனென்றால் எந்த மொழி பேசுகிறவரிடமும் அதைக் கொடுத்து, ‘நீங்களே கதையைச் சொல்லுங்கள்’ என்று கேட்டுவிடலாம். ரூத் பெர்மன், டான் ஸ்லோபின் ஆகிய இருவரும் ஆங்கிலம், ஜெர்மன், ஸ்பானியம், ஹீப்ரு, துருக்கி ஆகிய ஐந்து மொழிகளில் மூன்று வயதுக் குழந்தைகள் முதல் பெரியவர்கள் வரை பலரிடம் இப்படிக் கேட்டுப் பெற்ற கதைகளை ஆராய்ந்து 1994இல் நூலாக வெளியிட்டார்கள். அதில் மூன்று வயதுக் குழந்தைகள் பெரும்பாலும் ஒவ்வொரு படத்தையும் தனித்தனியாகவே சொன்னார்கள்: இதோ நாய், இதோ பையன், இதோ மரம். ஐந்து வயதில் ஒரு நிகழ்ச்சிக்கும் அடுத்ததற்கும் முடிச்சுப் போடத் தொடங்குகிறார்கள். ‘தவளையைத் தேடுகிறார்கள்’ என்ற ஒற்றைச் சரட்டில் கதை முழுவதையும் கோத்துக்கொண்டு போகும் திறமை அதற்கும் பின்னால்தான் உறுதிப்படுகிறது. உங்கள் மகள் முதற்படியில் நிற்கிறாள், வழி தவறவில்லை.

அந்தக் கதையின் தொடக்கத்தையே சற்று நெருங்கிப் பாருங்கள். ஒரு படத்தில் பையனும் நாயும் கட்டிலில் உறங்குகிறார்கள். தவளை ஒரு காலை ஜாடிக்கு வெளியே வைத்துவிட்டது. அடுத்த படத்தில் பொழுது விடிந்திருக்கிறது, ஜாடி காலி, இருவரும் அதை எட்டிப் பார்க்கிறார்கள். தவளை தரையில் தாவியதோ வீட்டைவிட்டு வெளியேறியதோ எங்குமே வரையப்படவில்லை. அது நடந்தது நாம் தாளைத் திருப்பிய அந்த நொடியில்தான். பெரியவர்களாகிய நாம் அந்த இடைவெளியை நினைக்காமலே நிரப்பிவிடுகிறோம். குழந்தைக்கோ அங்கேதான் முழு உழைப்பும் தேவைப்படுகிறது. எழுத்தில்லாத புத்தகம் எளிமையானது என்று எண்ணி அதைக் கடைக்குட்டியிடம் கொடுத்துவிட்டு எழுந்து போகிறவர்களோடு நான் உடன்படாதது இதனால்தான்.

நீங்கள் செய்யக்கூடியது இது. அவள் ‘பூனை’ என்றால், ‘ஆமாம், பூனை குடைக்கு அடியில் பதுங்கிவிட்டது’ என்று அவள் சொல்லோடு ஒரு வினையைச் சேர்த்துத் திருப்பிக் கொடுங்கள். பிறகு பேசாமல் இருங்கள். மனதுக்குள் ஐந்துவரை எண்ணுவது எனக்கு உதவியது. உளவியலாளர் கிரோவர் வைட்ஹர்ஸ்ட்டும் அவருடைய குழுவினரும் 1988இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு வயதையொட்டிய குழந்தைகளின் பெற்றோர் ஒரு மாதம் இதைப் போன்ற முறையைக் கையாண்டார்கள்: படித்துக் காட்டுவதைக் குறைத்து, ஒற்றைச் சொல்லில் முடியாத கேள்விகளைக் கேட்டு, குழந்தை சொன்னதை விரித்துச் சொன்னார்கள். வழக்கம்போல் படித்துக் காட்டப்பட்ட குழந்தைகளைவிட இவர்களுடைய குழந்தைகள் பேச்சில் முன்னேறியிருந்தார்கள். அந்த ஆய்வு சொல்லில்லாப் புத்தகங்களுக்கென்று நடத்தப்பட்டதன்று. ஆனாலும் படித்துக் காட்ட எதுவுமே இல்லாத புத்தகத்தில் இந்த முறைக்கு நாம் வேறு வழியின்றி வந்து சேர்கிறோம். ஒன்றை மட்டும் தவிர்த்துவிடுங்கள்: ‘இது என்ன, அது என்ன’ என்ற விசாரணை. ஒரு குழந்தையிடம் நான் அப்படி வரிசையாகக் கேட்டுக்கொண்டே போனபோது, அது என்னை நிமிர்ந்து பார்த்து, ‘உங்களுக்குத் தெரியாதா?’ என்று மிகுந்த இரக்கத்தோடு கேட்டது.

கேள்வி: அதே புத்தகத்தை நான் ஒவ்வோர் இரவும் வெவ்வேறு விதமாகச் சொல்லிவிடுகிறேன். ‘நேற்று அப்படிச் சொல்லவில்லையே’ என்று என் நான்கு வயது மகன் கோபித்துக்கொள்கிறான். ஒரே கதையை எழுதிவைத்துக்கொள்ள வேண்டுமா?

பதில்: வேண்டாம். நேற்று எப்படிச் சொன்னோம் என்பதை அவனிடமே கேளுங்கள். கோபித்துக்கொள்ளும் அளவுக்கு நினைவிருக்கிற பிள்ளைக்கு, சொல்லவும் தெரிந்திருக்கும்.

கேள்வி: என் பேரன் வெளிநாட்டில் வளர்கிறான். அவன் பள்ளியில் கற்கும் மொழி எனக்குத் தெரியாது. அவனுக்குத் தமிழ் கேட்டால் ஓரளவு புரியும், படிக்க வராது. எங்கள் இருவருக்கும் பொதுவாக ஒரு புத்தகம் இருக்க முடியுமா?

பதில்: முடியும், ஐயா. மொழி பொதுவாக இல்லாத இடத்தில் இத்தகைய புத்தகங்களைக் கொண்டுபோய் வைத்துப் பார்த்த முயற்சி ஒன்று உண்டு. வட ஆப்பிரிக்காவுக்கும் சிசிலிக்கும் இடையில் இருக்கும் லம்பெதூசா என்ற இத்தாலியத் தீவு, கடல் கடந்து வரும் அகதிகளும் குடியேறிகளும் கரையேறும் இடம். இளையோர் நூல்களுக்கான பன்னாட்டு அமைப்பான ‘இபி’ 2012இல், பல நாடுகளிலிருந்து சொல்லில்லாப் படப் புத்தகங்களைத் திரட்டி அந்தத் தீவுக்கு அனுப்பும் திட்டத்தைத் தொடங்கியது. தீவிலேயே பிறந்த குழந்தைகளும் வந்து சேர்ந்த குழந்தைகளும் ஒரே பக்கத்தின் முன் உட்கார வேண்டும் என்பதே நோக்கம்.

ஆனால் ‘படம் உலகப் பொதுமொழி’ என்று சொல்லப்படுவதை நான் முழுவதும் ஏற்பதில்லை. வலமிருந்து இடமாக எழுதும் மொழியில் வளர்ந்த குழந்தை புத்தகத்தை மறுபக்கத்திலிருந்து திறக்கும். அப்போது கதை கடைசியிலிருந்து முதலுக்கு ஓடும். தலைக்கு மேல் மிதக்கும் குமிழுக்குள் இருப்பது நினைவு என்பதும், ஓடுகிறவனுக்குப் பின்னால் இழுத்திருக்கும் கோடுகள் வேகம் என்பதும் பழகித் தெரிந்துகொள்பவைதாம். உங்கள் பேரனும் நீங்களும் ஒரே புத்தகத்தின் ஆளுக்கொரு படியை வைத்துக்கொண்டு தொலைபேசியில் பேசுங்கள். அவன் கலந்துகட்டிய மொழியில் சொல்லட்டும். நீங்கள் தமிழில் தொடருங்கள். அவன் சொன்ன வேற்றுமொழிச் சொல்லைத் திருத்தாமல், அடுத்த வாக்கியத்தில் அதற்குரிய தமிழ்ச் சொல்லை நீங்கள் இயல்பாக ஆண்டாலே போதும்.

கேள்வி: ஐந்து வயதில் எழுத்துக் கற்க வேண்டிய பிள்ளைக்கு எழுத்தில்லாத புத்தகத்தைக் கொடுப்பது காலத்தை வீணாக்குவதாகாதா? படங்களுக்குக் கீழே நானே வாக்கியங்களை எழுதிக் கொடுக்கலாமா?

பதில்: எழுத்தை இந்தப் புத்தகம் கற்றுத்தராது, அதை நேராகச் சொல்லிவிட வேண்டும். எழுத்தையும் அதன் ஒலியையும் தனியே, முறையாகத்தான் கற்பிக்க வேண்டும். எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரிந்த பிறகும் வாசித்ததன் பொருள் பிடிபடாமல் தவிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்களே, அவர்களுக்குத் தேவைப்படும் பழக்கம் இங்கே கிடைக்கும்: ஏன் இப்படி நடந்தது, அடுத்து என்ன ஆகும், இவன் முகம் ஏன் வாடியிருக்கிறது என்று சொல்லப்படாததை ஊகித்தறியும் பழக்கம்.

புத்தகத்தின்மேல் எழுதாதீர்கள். நீங்கள் எழுதிவிட்டால் அது உங்கள் கதையாக நின்றுவிடும். அதற்குப் பதிலாக, பிள்ளை சொல்வதை அப்படியே வேறு தாளில், அவன் கண்முன் எழுதி, விரல் வைத்துப் படித்துக் காட்டுங்கள். தன் வாயிலிருந்து வந்தது தாளில் நிற்பதைப் பார்ப்பதில் ஒரு வியப்பு இருக்கிறது. ‘நாய் விழுந்துச்சு’ என்று அவன் சொன்னால் ‘விழுந்துச்சு’ என்றே எழுதுங்கள். ‘விழுந்தது’ பிறகு வரும்.

கேள்வி: எங்கள் மழலையர் வகுப்பில் முப்பது குழந்தைகள். புத்தகத்தை உயர்த்திப் பிடித்தால் பின்வரிசைக்குத் தெரிவதில்லை.

பதில்: முப்பது பேருக்கு இது ஒத்துவராது; நான்கைந்து பேராக உட்காரவையுங்கள். முதல் முறை ஒருவரும் பேசாமல் கடைசிவரை புரட்டிவிட்டு, இரண்டாம் முறை பேசத் தொடங்குங்கள். முடிவு தெரிந்த பிறகுதான் முதற்பக்கத்தின் மூலையில் கிடந்த சிறு பொருள் கண்ணில் படும்.

கேள்வி: இத்தகைய புத்தகத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது?

பதில்: இரண்டு வயதுக்கு, ஒரு பக்கத்தில் ஒரே படம் உள்ளதாக எடுங்கள். ஒரே பக்கத்தை நான்கு கட்டங்களாகப் பிரித்து, அதே நாய் ஓடுவதையும் தாவுவதையும் வரைந்திருந்தால், சிறு குழந்தை ‘நாலு நாய்’ என்று எண்ணிவிடும். அதன் கணக்கு சரிதான். சந்தை, தெரு, துறைமுகம் என்று பக்கம் முழுவதும் ஆட்கள் நெருக்கியடிக்கும் புத்தகங்கள் தேடிக் கண்டுபிடிப்பதற்கு நல்லவை. ஆனால் அவற்றில் ஒரே கதையைத் தேடினால் ஏமாறுவீர்கள். கதை வேண்டுமென்றால், முகங்கள் தெளிவாகத் தெரிகின்றனவா, தாளைத் திருப்பும்போது காரணம் இந்தப் பக்கமும் விளைவு அந்தப் பக்கமும் விழுகின்றனவா என்று நின்றபடியே நான்கு தாள்களைப் புரட்டிப் பாருங்கள். முன்பே தெரிந்த கதையும் நல்ல தொடக்கம். அமெரிக்க ஓவியர் ஜெரி பிங்க்னி, சிங்கமும் எலியும் என்ற ஈசாப் கதையை உறுமல், கீச்சொலி போன்ற ஒலிக்குறிப்புகளைத் தவிர வேறு சொல் இல்லாமல் வரைந்து 2010இல், படப் புத்தக ஓவியத்துக்காக அமெரிக்காவில் தரப்படும் கால்டிகாட் பதக்கத்தைப் பெற்றார். அதன் முன்னட்டையில் தலைப்புகூட இல்லை. சிங்கத்தின் முகம் மட்டுமே இருக்கிறது.

கேள்வி: என் ஏழு வயது மகன், ‘எழுத்தில்லை, இது பாப்பா புத்தகம்’ என்று தள்ளிவிடுகிறான். இதற்கு வயது வரம்பு உண்டா?

பதில்: கிடையாது. ஆஸ்திரேலிய ஓவியர் ஷான் டான் 2006இல் வெளியிட்ட, குடும்பத்தைப் பிரிந்து அறியாத நாட்டுக்குப் போகும் ஒரு மனிதனின் கதை, நூறு பக்கங்களுக்கு மேல் ஒரு சொல்லும் இல்லாமல் நீள்கிறது. அதைப் பெரியவர்களே நிறுத்தி நிறுத்தித்தான் படிக்க வேண்டியிருக்கிறது. உங்கள் மகனுக்கு அது இன்னும் சில ஆண்டுகள் கழித்துப் பொருந்தலாம். இப்போதைக்கு அவன் தள்ளிவிட்ட புத்தகத்தை நீங்களே எடுத்து, அவன் பக்கத்தில் உட்கார்ந்து, வாய்விட்டு ஒன்றும் சொல்லாமல் புரட்டுங்கள். அவன் எட்டிப் பார்த்தால் தாளைத் திருப்புவதைச் சற்றுத் தாமதியுங்கள்.