ஸ்காண்டியம் கலந்த அலுமினியத்துக்கு டி-6 போடலாமா?

கேள்வி: கோவையில் சின்னப் பட்டறை வைத்திருக்கிறேன். ட்ரோனுக்கான பிராக்கெட்டுகளை மெக்னீசியம், ஸ்காண்டியம் சேர்ந்த அலுமினியப் பொடியில் 3டி பிரிண்ட் செய்து வாங்கினேன். ஹீட் ட்ரீட்மென்ட் பிடித்துத் தருபவர், "6061-க்குச் செய்கிற மாதிரியே டி-6 போட்டுவிடலாம்" என்கிறார். சரியா?

பதில்: சரியில்லை. முன்பணம் கொடுத்திருந்தாலும் நிறுத்திவிடுங்கள்.

6061 என்பது மெக்னீசியமும் சிலிக்கானும் கலந்த வழக்கமான அலுமினியக் கலவை. அதை 530 டிகிரி செல்சியஸ் வாக்கில் வைத்தால் அந்த இரண்டும் அலுமினியத்துக்குள் கரையும். உடனே தண்ணீரில் முக்கி, பிறகு 170 டிகிரியில் பல மணி நேரம் வைப்பார்கள். அதுதான் டி-6. ஸ்காண்டியம் இதற்கு மசியாது. அலுமினியம் உருகப் போகும் சூட்டில்கூட அது 0.4 சதவீதத்துக்கு மேல் கரையாது. உங்கள் பொடியில் அதைவிடக் கூடுதலாகவே இருக்கும். லேசர் உருக்கிய உலோகம் சட்டென்று உறைவதால்தான் அவ்வளவும் உள்ளே மாட்டிக்கொண்டு நிற்கிறது. அதாவது கரைக்கிற வேலையை பிரிண்டிங் மெஷினே முடித்துவிட்டது.

பாக்கி இருப்பது ஏஜிங் மட்டும், அதாவது கரைந்து நிற்பதை மிதமான சூட்டில் வைத்து நுண்துகள்களாகப் பிரிய விடுவது. 325 டிகிரியில் 4 மணி நேரம் வைத்து, காற்றில் ஆறவிட்டால் போதும். ஸ்காண்டியம் நானோமீட்டர் அளவுத் துகள்களாகப் பிரிந்து உலோகத்தை இறுக்கும். 170 டிகிரியில் அது அசையவே அசையாது. 530-க்குக் கொண்டுபோனால் துகள்கள் பருத்துப் பலம் இறங்கிவிடும். 6061 கெட்டால் மறுபடி டி-6 போட்டு மீட்கலாம். இதை மீட்க வழியே இல்லை, காயலான் கடைக்குத்தான் போகும்.

ஒரு விலக்கு உண்டு, இதில்தான் பலர் குழம்புகிறார்கள். துத்தநாகம் முக்கியமாக உள்ள 7000 வரிசைக் கலவைகளிலும் கொஞ்சம் ஸ்காண்டியம் சேர்ப்பதுண்டு. அங்கே பலம் தருவது துத்தநாகமும் மெக்னீசியமும். உலோகத்துக்குள் இருக்கும் நுண்படிக மணிகள் பருக்காமல் ஸ்காண்டியம் காவல் காக்கிறது, அவ்வளவுதான். அதனால் அவற்றை 470 டிகிரி வாக்கில் கரைத்து, முக்கி, 120 டிகிரியில் ஏஜ் செய்வார்கள். 'ஸ்காண்டியம் உலோகத்துக்கு முன்பே டி-6 போட்டிருக்கிறோம்' என்று யாராவது சொன்னால் அநேகமாக இதைத்தான் சொல்கிறார்கள். பொடியின் சர்ட்டிஃபிகேட்டைப் பாருங்கள். துத்தநாகம் பேருக்கு மட்டும் இருந்தால் இந்த விலக்கு உங்களுக்கு இல்லை.

அந்தச் சர்ட்டிஃபிகேட்டில் ஸ்காண்டியத்துக்கென்று தனி வரியும் சதவீதமும் இருக்கிறதா? 'இதர தனிமங்கள்' என்று மட்டும் போட்டிருந்தால் காசு கொடுக்காதீர்கள். விலை உயர்ந்த சரக்கு, கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்கவும் முடியாது. ஏமாற்ற இதைவிட வசதி வேண்டுமா?

அடுத்தது, ஆள் பிடித்துத் தருபவர்கள். சொந்த ஃபர்னஸ் இல்லாமல் ஆர்டர் வாங்கிக் கை மாற்றிவிடுபவரிடம் போகாதீர்கள். பத்துப் பேருடைய 6061 சரக்கோடு உங்களுடையதும் ஒரே கூடையில் போய்விடும். ஃபர்னஸ் வைத்திருப்பவரிடமே நேரில் பேசுங்கள். பாகத்தை ஒட்டித் தெர்மோகப்பிள் (சூட்டை அளக்கும் கம்பி) வைத்து எடுத்த வெப்பநிலைச் சார்ட் வேண்டும் என்று ஆர்டரிலேயே எழுதுங்கள். ஒரு உதிரித் துண்டை முதலில் அனுப்பி, முன்னும் பின்னும் கடினத்தன்மை பாருங்கள். நன்றாக ஏறியிருந்தால் மட்டும் மற்றவற்றைக் கொடுங்கள்.

இதில் எனக்கு ஆற்றாமை ஒன்று உண்டு. பல நிறுவனங்களின் கொள்முதல் படிவத்தில் அலுமினியம் என்றால் டி-6 என்று முன்பே அச்சடித்து வைத்திருக்கிறார்கள். வேறு எதுவும் எழுத இடமே இல்லை. அதை நிரப்புகிறவரும் கேட்பதில்லை, சரிபார்க்கிறவரும் கேட்பதில்லை. பாகம் உடைந்த பிறகு பட்டறைக்காரர் தலையில் கட்டுகிறார்கள். உங்கள் வரைபடத்திலும் அப்படி இருந்தால் '325 டிகிரி, 4 மணி நேரம், நேரடி ஏஜிங்' என்று திருத்தச் சொல்லி, வாடிக்கையாளரிடம் கையெழுத்து வாங்கிய பிறகு சரக்கை அனுப்புங்கள்.