ஆம்ப் வாங்குவதற்கு முன் ஸ்பீக்கர் வயரைப் பாருங்கள்

கேள்வி: காரில் கம்பெனி கொடுத்த ஸ்டீரியோவைக் கழற்றிவிட்டு, வெளியே வாங்கிய டச் ஸ்கிரீன் ஸ்டீரியோ ஒன்றை மாட்டினேன். ஸ்பீக்கர்கள் பழையவைதான். முன்பு வால்யூம் 12 வைத்தாலே போதும். இப்போது 30 வரை ஏற்றியும் பத்தவில்லை, பாஸ் (தாழ்ந்த ஒலி) சுத்தமாகக் காணோம். ரேடியோ பரவாயில்லை, ப்ளூடூத்தில் பாட்டுப் போட்டால் இன்னும் குறைவு. மாட்டிக் கொடுத்தவர் ஆம்ப்ளிஃபயர் வைத்தால் சரியாகிவிடும் என்கிறார். வைக்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இதில் இரண்டு தனித்தனிக் கோளாறுகள் இருக்கின்றன. ஆம்ப் இரண்டில் எதையும் சரிசெய்யாது.

முதலில் அந்த 12, 30 கணக்கை மறந்துவிடுங்கள். ஒரு ஸ்டீரியோவில் வால்யூம் 40 வரை போகும், இன்னொன்றில் 60-ஐத் தாண்டும். பெட்டியின் மேல் போட்டிருக்கும் ‘50 வாட் x 4’ என்பதையும் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அது ஒரு நொடிக்கும் குறைவாக எட்டக்கூடிய உச்சம். தொடர்ந்து கொடுக்கும் ஆர்எம்எஸ் சக்தி ஒரு ஸ்பீக்கருக்கு 20 வாட் அளவில்தான் இருக்கும். வாட் இரண்டு மடங்கானால் சத்தம் 3 டெசிபெல்தான் கூடும். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்றவே ஏறத்தாழ பத்து மடங்கு சக்தி வேண்டும். சின்ன ஆம்ப் ஒன்றை வாங்கி வைத்துவிட்டு ‘வித்தியாசமே தெரியலையே’ என்று நிற்பவர்கள் பலர்.

ப்ளூடூத் விஷயம் எளிது. ரேடியோவைவிட ப்ளூடூத் மட்டும் குறைவு என்றால் அந்த வித்தியாசத்துக்கு ஸ்பீக்கரோ வயரோ காரணமில்லை. போனின் மீடியா வால்யூமும் ஸ்டீரியோவின் வால்யூமும் தனித்தனியாக இருக்கலாம். பாட்டு ஓடும்போதே போனில் வால்யூமை முழுதாக ஏற்றுங்கள், வால்யூம் லிமிட் ஏதும் போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். அப்புறமும் குறைவாக இருந்தால் ஸ்டீரியோவின் ஆடியோ செட்டிங்கில் ‘சோர்ஸ் லெவல்’ இருக்கிறதா பாருங்கள். எஃப்எம்மின் அளவுக்கு ப்ளூடூத்தை ஏற்றிவைக்க அது உதவும்.

இனி பாஸ். எனக்குப் பெரிய சந்தேகம் இங்கேதான். ஒரு ஸ்பீக்கரின் பிளஸ், மைனஸ் வயர்கள் மாறிப்போனால் அது பாடாமல் போகாது, நன்றாகவே பாடும். ஆனால் இடப்பக்க ஸ்பீக்கரின் கூம்பு வெளியே தள்ளும் அதே நேரத்தில் வலப்பக்கக் கூம்பு உள்ளே இழுக்கும். ஒன்று எழுப்பும் காற்றலையை மற்றொன்று அழித்துவிடும். நீளமான அலைகளைக் கொண்ட பாஸ்தான் இதில் முதலில் அடிபடும். பாஸ் போனால் மொத்தச் சத்தமே குறைந்ததுபோல் இருக்கும், நாமும் வால்யூமை ஏற்றிக்கொண்டே போவோம்.

கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். பாஸ் நிறைந்த பாட்டு ஒன்றைப் போட்டு, ஃபேடரை (சத்தத்தை முன், பின் ஸ்பீக்கர்களுக்குப் பிரிக்கும் செட்டிங்) முழுக்க முன்பக்கம் தள்ளுங்கள். இட, வலப் பக்கத்துக்கான பேலன்ஸை நடுவில் வைத்துக் கேளுங்கள், பிறகு முழுக்க இடப்பக்கம் தள்ளிக் கேளுங்கள். ஒரே ஸ்பீக்கர் பாடும்போது பாஸ் திரும்பி வருகிறதா? அப்படியானால் இரண்டில் ஒன்று தலைகீழாக இணைக்கப்பட்டிருக்கிறது. பின்பக்கத்துக்கும் இதே சோதனைதான். இந்தச் சாக்கில் நான்கு ஸ்பீக்கரும் தனித்தனியாகப் பாடுகின்றனவா என்பதும் தெரிந்துவிடும்.

ஸ்டீரியோ பக்கம் வயர்களின் நிறம் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும்: முன் இடம் வெள்ளை, முன் வலம் சாம்பல், பின் இடம் பச்சை, பின் வலம் ஊதா. கறுப்புக் கோடு போட்டது மைனஸ். குழப்பம் வருவது கார் பக்கத்தில்தான், அங்கே ஒவ்வொரு தயாரிப்பாளருக்கும் ஒரு நிறம். காருக்கென்றே விற்கும் கப்ளரை (இணைப்பு பிளக்) வாங்காமல் வயரை வெட்டி முறுக்கி டேப் சுற்றியிருந்தால், யாராக இருந்தாலும் ஒன்றாவது மாறியிருக்க வாய்ப்புண்டு. எது பிளஸ் என்று பார்க்க, ஸ்பீக்கர் வயர்களை ஸ்டீரியோவிலிருந்து பிரித்துவிட்டு, 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு கணம் மட்டும் தொடுங்கள். கூம்பு வெளியே துள்ளினால் பேட்டரியின் பிளஸ் தொட்ட வயர்தான் பிளஸ். கீச்சொலிக்கான சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டரில் இதைச் செய்ய வேண்டாம். ஸ்பீக்கரின் மைனஸை பாடியில் எர்த் செய்வதும் கூடாது, ஸ்டீரியோவின் உள்ளிருக்கும் ஆம்ப் கெட்டுப்போகும்.

வயர் சரியாக இருந்து பாஸ் மட்டும் இல்லையென்றால் செட்டிங்கில் ‘எச்பிஎஃப்’ (HPF) ஆன் ஆகியிருக்கிறதா பாருங்கள். அது தாழ்ந்த ஒலிகளை வெட்டும் வடிகட்டி. சப்வூஃபர் (பாஸுக்கென்றே உள்ள பெரிய ஸ்பீக்கர்) இல்லாத காரில் அதை ஆஃப் செய்துவிடலாம்.

சத்தம் கூட்டும்போது ஸ்டீரியோ அணைந்து எரிந்தால் பார்க்க வேண்டியது கரண்ட். மஞ்சள் வயருக்கு எப்போதும் 12 வோல்ட் வர வேண்டும், சிவப்பு சாவி போட்டால் மட்டும். ஒவ்வொரு முறையும் செட்டிங் அழிந்துபோனால் இரண்டும் இடம் மாறியிருக்கும். கறுப்பு எர்த் வயர் பெயின்ட் சுரண்டிய இரும்பில் இறுக்கமாக இருக்க வேண்டும்.

ஒன்று கேட்க விட்டுப்போனது. உங்கள் காரில் சீட்டுக்கு அடியிலோ டிக்கியிலோ கம்பெனியே வைத்த ஆம்ப் உண்டா? இருந்தால் அதற்கேற்ற அடாப்டர் வேண்டும். நீலம்-வெள்ளை ரிமோட் வயரும் அதற்குப் போயிருக்க வேண்டும், இல்லையென்றால் அந்த ஆம்ப் விழிக்கவே விழிக்காது.

இத்தனையும் பார்த்த பிறகும், சத்தம் கூட்டினால் பாட்டு கரகரக்கிறது என்றால் அப்போது ஆம்ப் வாங்கலாம். அதிலுள்ள கெய்ன் திருகு வால்யூம் அல்ல, ஸ்டீரியோவிலிருந்து வரும் சிக்னலின் அளவுக்கு ஆம்பைப் பொருத்துவது. ஸ்டீரியோவை முக்கால் வால்யூமில் வைத்து, கெய்னை மெல்ல ஏற்றி, பாட்டு கரகரக்கத் தொடங்கும் இடத்திலிருந்து கொஞ்சம் பின்னே திருப்பி விட்டுவிடுங்கள்.