கேப் டவுனிலிருந்து விக்டோரியா அருவி வரை டிரக்கில் கேம்பிங் சஃபாரி: முதல்முறை போகிறவர் சமாளிக்க முடியுமா?

கேள்வி இது: ஜூலையில் கேப் டவுனில் ஏறி, நமீபியா, போட்ஸ்வானா வழியாக ஜிம்பாப்வேயின் விக்டோரியா அருவியில் முடியும் 20 நாள் குழுப் பயணம். கேட்டவர் சைவம். டெண்ட் அடித்த பழக்கம் கிடையாது. சமாளிக்க முடியுமா, என்ன எடுத்துப் போக வேண்டும்?

சமாளிக்கலாம். சிங்கத்தையும் யானையையும் நினைத்துப் பயப்படுகிறவர்கள்தான் அதிகம். உண்மையில் ஆளைச் சோதிப்பது ரோடும் குளிரும். மொத்தம் 5,000 கிலோமீட்டருக்கு மேல். நமீபியாவில் பெரும்பகுதி சரளைச் சாலை, டிரக் 60, 80 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாது. நமீப் பாலைவன முகாமான செஸ்ரியத்திலிருந்து கடலோர ஊரான ஸ்வாகோப்முண்ட் 350 கிலோமீட்டர்தான், ஆனால் ஒரு பகல் முழுக்க அதற்கே போய்விடும். விடியுமுன் எழுந்து, டெண்டைச் சுருட்டி, சாப்பிட்டு, பாத்திரம் கழுவி வண்டி ஏறுவதுதான் பல நாள் காலை. "சஃபாரி" என்ற சொல்லைக் கேட்டு ஓய்வு என்று நினைத்துப் பணம் கட்டாதீர்கள். கேம்பிங் பயணத்தில் நீங்களும் பாதி வேலைக்காரர்.

அந்த வேலை சுழற்சி முறையில் வரும்: இன்று காய் நறுக்குவது, நாளை கழுவுவது, மறுநாள் டிரக்கைப் பெருக்குவது. கழுவ மூன்று தொட்டி வைப்பார்கள்: சோப்புச் சுடுநீர், அலசும் நீர், கிருமிநாசினி கலந்த நீர். துடைக்கத் துணி தர மாட்டார்கள். தட்டைக் கையில் பிடித்துக் காற்றில் வீசி வீசி உலர்த்த வேண்டும். முதல் நாள் பார்க்கச் சிரிப்பு வரும், ஆனால் காரணம் இருக்கிறது. ஒரே ஈரத்துணியால் இருபது பேர் தட்டைத் துடைத்தால் ஒருவர் வயிற்றுப்போக்கு மூன்றே நாளில் வண்டி முழுக்கப் பரவிவிடும்.

டெண்ட் பெரும்பாலும் இருவர் படுக்கும் கனத்த கேன்வாஸ். மெத்தை தருவார்கள். ஸ்லீப்பிங் பேக்கும் தலையணையும் பொதுவாக உங்கள் பொறுப்பு, சில நிறுவனங்கள் வாடகைக்குக் கொடுக்கும். நமீப் பாலைவனத்தில் காற்று அடிக்கும்போது, காற்று வரும் பக்கத்து முளையை முதலில் அடியுங்கள், பையை உள்ளே வைத்துவிட்டுப் பிறகு கம்பியைத் தூக்குங்கள். மாற்றிச் செய்தால் டெண்ட் பாய்மரமாகிப் பறக்கும். பிரிக்கும்போது மணலை உதறி, ஜிப்பைக் கொஞ்சம் திறந்துவிட்டு, கதவு இருக்கும் பக்கம் நோக்கிச் சுருட்டுங்கள். ஜிப்பை முழுக்க மூடிவிட்டுச் சுருட்டினால் காற்று உள்ளேயே அடைபட்டு உறைக்குள் போகாது. டெண்டில் முதலில் கெடுவது ஜிப்தான். மணல் சிக்கினால் இழுக்காமல் பழைய பல் துலக்கும் பிரஷால் தட்டி, மெழுகுவர்த்தியைத் தேய்த்தால் ஓடும்.

ஜூலை என்பதால் குளிரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பகலில் அரைக்கைச் சட்டை போதும். இரவில் செஸ்ரியத்திலும் கலஹாரிப் பகுதியிலும் வெப்பநிலை பூஜ்ஜியத்தை ஒட்டி இறங்கும், சில இரவு அதற்கும் கீழே. ஸ்லீப்பிங் பேக் அட்டையில் பல எண்கள் இருக்கும். "கம்ஃபர்ட்" என்று போட்டிருப்பது 0 டிகிரி அல்லது அதற்குக் கீழே இருக்கட்டும். "எக்ஸ்ட்ரீம்" எண்ணைப் பார்த்து வாங்கினால் உயிர் பிழைப்பீர்கள், தூங்க மாட்டீர்கள். கம்பளிக் குல்லா, தெர்மல் உள்ளாடை ஒரு ஜோடி, படுக்கைக்கென்றே தனியாக ஒரு ஜோடி உலர்ந்த சாக்ஸ். தூங்கப் போகுமுன் எவர்சில்வர் பாட்டிலில் சுடுநீர் நிரப்பி, மூடியை இறுக்கி, கால்மாட்டில் போட்டுக்கொள்ளுங்கள். இதைவிட மலிவான ஹீட்டர் கிடையாது.

பை விஷயத்தில் ஒரே விதிதான்: சூட்கேஸ் வேண்டாம். டிரக்கின் லாக்கர் குறுகலானது, சக்கரமும் கெட்டியான சட்டமும் உள்ள பெட்டி அதில் நுழையாது. துணியாலான டஃபிள் பை, எடை வரம்பு நிறுவனத்தைப் பொறுத்து 12 முதல் 20 கிலோ வரை. இருக்கையில் வைத்துக்கொள்ள ஒரு சின்ன முதுகுப்பை. போட்ஸ்வானாவின் சதுப்புநில டெல்டாவான ஒகவாங்கோவில் அந்தச் சின்னப் பையே உங்கள் மொத்த வீடு.

ஒகவாங்கோ பற்றி: பெரும்பாலான திட்டங்களில் அங்கே ஓரிரு இரவு காட்டுமுகாம் உண்டு. மொகோரோ என்ற ஒடுங்கிய படகில், உள்ளூர்க்காரர் நீண்ட கோலால் உந்திக்கொண்டு போவார். குளியலறை இல்லை. கழிப்பறை என்றால் ஒரு குழியும் ஒரு மண்வெட்டியும். குடிநீரை நீங்களே கொண்டு போக வேண்டும், இரண்டு நாளுக்கு ஆளுக்கு 5 லிட்டருக்குக் குறைய வேண்டாம். மழையே இல்லாத ஜூலையில் அங்கே தண்ணீர் ஏன் நிறைந்திருக்கிறது என்று கேட்பீர்கள்: அங்கோலா மேட்டுநிலத்தில் பெய்த மழை மாதக்கணக்கில் ஊர்ந்து அப்போதுதான் வந்து சேர்கிறது. வேலியில்லாத முகாம்களில் இரவில் எழ நேர்ந்தால், முதலில் ஜிப்பைக் கொஞ்சம் திறந்து டார்ச்சைச் சுற்றிலும் அடியுங்கள். கண்கள் மின்னினால் உள்ளேயே இருங்கள். டெண்டுக்குள் பழம், பிஸ்கட் எதுவும் கூடாது. செருப்பை வெளியே விடாதீர்கள், நமீபியாவின் எடோஷா தேசியப் பூங்காவில் உள்ள ஒகாகுயேஜோ முகாமில் நரிகள் தூக்கிக்கொண்டு போய்விடும்.

சாப்பாடு. பதிவுப் படிவத்தில் சைவம் என்று எழுதினால் மட்டும் போதாது. மீன், கோழிச்சாறுக் கட்டி, முட்டை ஒவ்வொன்றையும் சொல்லி, முதல் நாள் கூட்டத்தில் சமைப்பவரிடம் நேரிலும் சொல்லிவிடுங்கள். அங்கே அடிக்கடி மாலையில் நடப்பது பிராய், அதாவது தணலில் இறைச்சி சுடுவது. தனிக் கம்பிவலை கேட்பதில் கூச்சப்படாதீர்கள். பருப்பும் மசாலாவும் கேப் டவுன் சூப்பர்மார்க்கெட்டிலேயே சுலபமாகக் கிடைக்கும். 1860 முதல் நேட்டாலுக்குக் கரும்புத் தோட்டக் கூலிகளாகப் போன நம்மவர்களின் வம்சம் அங்கே இருப்பதன் பலன் அது. ஊரிலிருந்து கொண்டு போனால் கடையில் சீல் செய்த பாக்கெட்டாகப் பருப்புப்பொடி, ஊறுகாய் மட்டும். போட்ஸ்வானாவில் கால்நடைச் சோதனைச் சாவடிகள் உண்டு. கோமாரி நோய் பரவாமலிருக்கப் பச்சை இறைச்சியைப் பிடுங்கிக்கொள்வார்கள், செருப்பின் அடியை மருந்துநீரில் நனைக்கச் சொல்வார்கள். பையில் இருக்கும் மற்ற ஜோடியையும் கேட்டால் எடுத்துக் கொடுக்க வேண்டும்.

பதிவு செய்யுமுன் ஒரு கேள்வி கேளுங்கள்: நமீப் மணல்மேடுகளுக்கு நடுவே இருக்கும் சோசஸ்ஃப்ளேக்குப் போகும்போது தங்குவது செஸ்ரியம் பூங்கா வாசலுக்கு உள்ளேயா, வெளியேயா? உள்ளே தங்கினால் சூரிய உதயத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே கிளம்பலாம், 45-ஆவது கிலோமீட்டரில் இருக்கும் டியூன் 45 மணல்மேட்டின் உச்சியில் விடியலைப் பார்க்கலாம். வெளியே தங்கினால் சூரியன் வந்த பிறகுதான் வாசல் திறக்கும்.

மலேரியா மாத்திரையை மருத்துவரைக் கேட்டு முடிவு செய்யுங்கள். கேப் டவுனிலும் நமீப் பாலைவனத்திலும் தேவைப்படாது. எடோஷாவிலிருந்து வடக்கே, ஒகவாங்கோ, போட்ஸ்வானாவின் சோபே பூங்கா, விக்டோரியா அருவி எல்லாம் மலேரியாப் பகுதி. அட்டோவாகுவோன்-புரோகுவானில் மாத்திரை என்றால் நுழைவதற்கு ஓரிரு நாள் முன்பு தொடங்கி, வெளியே வந்து 7 நாள் வரை. டாக்சிசைக்ளின் மலிவு, ஆனால் 4 வாரம் தொடர வேண்டும், வெயிலில் தோலும் எளிதில் கருகும்.

விசாவை வழிகாட்டி எடுத்துத் தர மாட்டார். எல்லையில் உங்களை நிறுத்தினால் டிரக் போய்விடும். திரும்பும் விமானம் ஜோகன்னஸ்பர்க் வழியாக, அதுவும் தனி டிக்கெட்டாக இருந்தால், பெட்டியை எடுக்கத் தென் ஆப்பிரிக்காவுக்குள் மறுபடி நுழைய வேண்டிவரும். ஒருமுறை நுழைவு விசா இங்கேதான் காலை வாரும்.

விளம்பர விலைக்கு மேல் உள்ளூரில் கட்டும் தொகை, விருப்பச் சுற்றுலாக்கள், டிப்ஸ் தனி. தென் ஆப்பிரிக்க ராண்ட் நமீபியாவிலும் ஒன்றுக்கு ஒன்று செல்லும். நமீபிய டாலர் தென் ஆப்பிரிக்காவில் செல்லாது. போட்ஸ்வானாவுக்கு அந்நாட்டு நாணயமான புலா. ஜிம்பாப்வேயில் அமெரிக்க டாலர், புதிய வடிவ நோட்டாக, கிழிசலும் பேனாக் கிறுக்கலும் இல்லாமல், 1, 5, 10 ஆகச் சில்லறையாக வைத்துக்கொள்ளுங்கள். பிளக்குக்கு நம் வீட்டு ஏசி, கீசருக்குப் போடும் பெரிய மூன்று முள் பிளக்கே தென் ஆப்பிரிக்காவிலும் நமீபியாவிலும் பொருந்தும். ஜிம்பாப்வேக்குச் சதுர முள் அடாப்டர் வேண்டும், போட்ஸ்வானாவிலும் அது தேவைப்படலாம்.