காதுக்கு அளவெடுத்த இன்-இயர்: ஆராதனைக் குழுவினர் கேள்விகள்

மெதுவாகப் பாடும்போது எல்லாம் நன்றாகக் கேட்கிறது. உச்சத்தில் வாயைத் திறந்து பாடினால் பேஸ் (தாழ்ந்த ஒலி) காணாமல் போய், வெளிச்சத்தம் உள்ளே வருகிறது. காதுக்குள் மாட்டிப் பாட்டையும் இசையையும் கேட்கும் இன்-இயர், அளவு கொடுத்துச் செய்ததுதான். வாங்கி இரண்டு மாதம் ஆகிறது. பழுதா?
– பாடகர் குழு வாசகி, நாசரேத்

கருவியில் பழுது இருக்க வாய்ப்பு குறைவு, சகோதரி. காதுக்கு அச்சு எடுத்தபோது உங்கள் வாய் மூடியிருந்திருக்கும். தாடை மூட்டு காதுக்குழாய்க்கு நேர் முன்னால் இருக்கிறது. வாயைத் திறந்தால் மூட்டு முன்னே நகரும், குழாய் சற்று விரியும். வாய் மூடியபோது எடுத்த அச்சில் செய்த கூடு அந்த நேரத்தில் தளர்ந்துவிடும். முடியளவு இடைவெளி போதும், முதலில் போவது பேஸ்தான்.

வீட்டிலேயே சோதிக்கலாம். பேஸ் நன்றாக உள்ள பாட்டு ஒன்றை ஓடவிட்டு, வாயை மெல்லத் திறந்து மூடுங்கள். திறக்கும்போது பேஸ் குறைந்தால் காரணம் இதுதான். ஒரு காதில் மட்டும் குறைந்தால் அந்தக் காதுக்கு மட்டும் மறு அச்சு எடுத்தால் போதும்.

மறு அச்சுக்குப் போகும்போது, பாடகி என்பதை ஆடியாலஜிஸ்ட்டிடம் (செவித்திறன் நிபுணரிடம்) முதலிலேயே சொல்லிவிடுங்கள். காது கேட்கும் கருவிக்கு அச்சு எடுத்துப் பழகியவர்கள் பலர் வாயை மூடச் சொல்லியே எடுப்பார்கள். உங்களுக்கு வேண்டிய முறை இது: காதுக்குள் விளக்கு வைத்துப் பார்த்து, அழுக்கு இருந்தால் எடுத்துவிட வேண்டும். நூல் கட்டிய பஞ்சுத் தடுப்பைக் குழாயின் இரண்டாவது வளைவைத் தாண்டி வைக்க வேண்டும். சுமார் 2.5 செ.மீ. உயரக் கட்டை ஒன்றைப் பல்லிடையே கடித்துக்கொள்ள வேண்டும். பிறகு சிலிக்கான் கலவையைச் செலுத்துவார்கள்; அது இறுக ஏறக்குறைய 5 நிமிடம் ஆகும். அதுவரை பேசவும் கூடாது, விழுங்கவும் கூடாது. வெளியே எடுத்த அச்சை நீங்களும் பாருங்கள். இரண்டு வளைவும் தெளிவாகத் தெரிய வேண்டும், குமிழியோ பள்ளமோ இருக்கக் கூடாது. இருந்தால் ஒட்டுப்போட விடாதீர்கள், புதிதாக எடுக்கச் சொல்லுங்கள்.

பல தயாரிப்பாளர்கள் முதல் 30 நாள் வரை இலவசமாகத் திருத்தித் தருவார்கள். அது கடந்துவிட்டாலும் உள்ளிருக்கும் டிரைவர்களை (ஒலி எழுப்பும் சிறு பாகங்களை) எடுத்துப் புதுக்கூட்டில் மாற்ற முடியுமா என்று கேளுங்கள். புதுக்கூடு முதல் சில நாள் கொஞ்சம் இறுக்கமாகத் தெரியும். வலித்தால் மட்டும் திருப்பி அனுப்புங்கள்.

இன்-இயர் போட்டதும் சபை பாடுவது கேட்கவில்லை. தனியறையில் அடைத்த மாதிரி இருக்கிறது. ஒரு காதைக் கழற்றிவிட்டு வாசிக்கிறேன். தவறா?
– டிரம்ஸ் வாசிப்பவர், தூத்துக்குடி

தவறுதான் தம்பி. உங்கள் காதை நினைத்து இதைக் கண்டிப்பாகவே சொல்கிறோம். ஒரே காதில் கேட்டால் சத்தம் குறைவாகத் தோன்றும். கை தானாக வால்யூமைக் கூட்டும். மூடிய காதில் ஒலி ஏற, திறந்த காதில் சிம்பல் நேராக விழும். அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் பரிந்துரைக்கும் வரம்பு 85 டெசிபெலுக்கு 8 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபெல் ஏற்றத்துக்கும் நேரம் பாதியாகும்: 94-க்கு 1 மணி, 100-க்கு 15 நிமிடம். சிறிய ஆலயத்தில் டிரம்ஸ் 100-ஐ எளிதில் தொடும். டிசம்பரில் கிறிஸ்துமஸ் பயிற்சி எத்தனை மணி நேரம் நீளும் என்று எண்ணிப் பாருங்கள்.

சபையைக் காதுக்குள் கொண்டுவர மைக் வையுங்கள். மேடை முன்விளிம்பின் இடமும் வலமும் தலா ஒரு கார்டியாய்டு (முன்பக்க ஒலியை அதிகம் பிடிக்கும்) கண்டென்சர் மைக், ஸ்பீக்கரைப் பார்க்காமல் சபையைப் பார்த்தபடி. 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டி, ஒன்றை முழு இடம், மற்றதை முழு வலம் எனப் பிரித்து, காதுக்குப் போகும் மிக்ஸில் மட்டும் சேருங்கள். மெயின் ஸ்பீக்கருக்குப் போனால் ஊளையிடும். இதைச் செய்த பிறகு காதைக் கழற்றத் தோன்றுவது பெரும்பாலும் நின்றுவிடும். ஆராதனையை நடத்துகிறவர்களுக்குச் சபையின் பாடல் கேட்காமல் இருப்பது சரியும் அல்ல.

குழுவில் 8 பேர். மிக்ஸரில் ஆக்ஸ் (காதுக்குத் தனி ஒலிக்கலவை அனுப்பும் வெளியீடு) 6-தான். வயர்லெஸ் செட் ஒன்று வெள்ளிக்கிழமை பயிற்சியில் நன்றாக ஓடுகிறது, ஞாயிறு விட்டுவிட்டு அறுகிறது. பிளூடூத் உதவுமா?
– சவுண்ட் பார்ப்பவர், மதுரை

பிளூடூத் வேண்டாம். சாதாரண பிளூடூத் தாமதம் 100 மில்லிசெகண்டைத் தாண்டும். தாளம் கையில் ஓரிடம், காதில் ஓரிடம் என்றாகிவிடும்.

ஞாயிறு மட்டும் அறுவதாகச் சொன்னதிலேயே விடை இருக்கிறது. உங்கள் செட் 2.4 கிகாஹெர்ட்ஸ் வகையாக இருக்கலாம். சபை வந்ததும் நூற்றுக்கணக்கான மொபைல்களின் வைஃபையும் பிளூடூத்தும் அதே அலைவரிசையில் நெருக்கும். மனித உடலும் அந்த அலையை உறிஞ்சும். டிரான்ஸ்மிட்டரை சபைக்குப் பின்னாலிருக்கும் மிக்ஸர் மேஜையில் வைத்திருந்தால் மேடை ஓரத்துக்கு, தலைமட்டத்துக்கு மேலே மாற்றுங்கள். ஆலய வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள். டிரம்ஸ், கீபோர்டு, பேஸ் கிட்டார் வாசிப்பவர்கள் இடம் விட்டு நகர்வதில்லை. அவர்களுக்கு ஹெட்போன் ஆம்ப்ளிஃபயரும் ஒயரும் போதும். வயர்லெஸ் நடமாடிப் பாடுபவருக்கு மட்டும்.

6 ஆக்ஸில் இப்படிப் பிரிக்கலாம்: முதன்மைப் பாடகருக்கு ஸ்டீரியோவாக 2, டிரம்ஸ், கீபோர்டு, பேஸ் ஆகியோருக்குத் தலா 1, பின்னணி பாடும் மற்ற நால்வரும் ஒன்றைப் பகிரட்டும். முதன்மைப் பாடகருக்குத்தான் சபை மைக் இடம் வலமாகப் பிரிந்து கேட்கும். மற்றவர்களுக்கு அதே மைக் மோனோவில் போகும், அதுவும் உதவும். எல்லா ஆக்ஸும் ப்ரீ-ஃபேடராக (ஃபேடர் எனும் ஒலி அளவுக் கட்டுப்பாட்டுக்கு முன்பே பிரியும்படி) இருக்கட்டும்; இல்லாவிட்டால் சபைக்காக நீங்கள் ஃபேடரைத் தொடும்போதெல்லாம் பாடகரின் காதில் மிக்ஸ் மாறும். ஒவ்வொரு ஆக்ஸிலும் லிமிட்டர் (ஒலி அளவு மீறாமல் தடுப்பது) கட்டாயம். கண்டென்சர் மைக்குக்கான 48 வோல்ட் மின்சாரம் போடும் முன், கேபிளைப் பிடுங்கும் முன் மியூட் செய்யுங்கள். இல்லாவிட்டால் 'டப்' சத்தம் செவிப்பறைக்கு மிக அருகில் வெடிக்கும்.

ஒரு பக்கம் சத்தம் குறைந்துவிட்டது. சுத்தம் செய்வது எப்படி?
– கிட்டார் வாசிப்பவர், திருநெல்வேலி

முதலில் இடது வலது கேபிளை மாற்றிப் போட்டுப் பாருங்கள். குறை பக்கம் மாறினால் கேபிள்தான். முதலில் கெடுவது பெரும்பாலும் அதுவே. மாறாவிட்டால் ஒலி வரும் துளையில் காது மெழுகு. துளையைக் கீழ்நோக்கிப் பிடித்து, கூடவே தந்த வளையக் கம்பியால் மெல்ல எடுத்துப் பிரஷ்ஷால் தட்டுங்கள். ஊசி, ஸ்பிரிட் எதுவும் துளைக்குள் போகக் கூடாது. இரவில் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வையுங்கள்.

14 வயது மகன் கீபோர்டு வாசிக்கிறான். அவனுக்கும் அளவெடுத்துச் செய்யலாமா?
– ஒரு தாய், நாகர்கோவில்

இப்போது வேண்டாம். காது இன்னும் வளரும். விரைவிலேயே தளர்ந்து பணம் வீணாகும். ஃபோம் முனை உள்ள பொது வகை வாங்கிக் கொடுங்கள். முனையை உருட்டிச் சுருக்கி, காதை மேலும் பின்னும் இழுத்துச் செருகி, விரியும் வரை பிடித்திருக்கச் சொல்லிக்கொடுங்கள். காதில் சீழோ வலியோ இருந்தால் குணமாகும் வரை எதையும் செருக விடாதீர்கள். காது மருத்துவரிடம் காட்டுங்கள்.