சரிவு நிலத்தில் காட்டேஜ் தோட்டம்: தண்ணீருக்கு வழி செய்த பிறகே பூவுக்கு இடம்

கேள்வி: எங்கள் வீட்டுக்குப் பின்னால் உள்ள நிலம் வீட்டிலிருந்து கீழ்நோக்கிச் சரிகிறது. சுமார் 12 மீட்டர் தூரத்துக்கு 2 மீட்டர் இறக்கம். பூச்செடியும் மூலிகையும் கலந்து நெருக்கமாக வளரும் காட்டேஜ் தோட்டம் போட வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. விதைத்துப் பார்த்தேன், ஒரே மழையில் விதை, மூடாக்கு எல்லாம் கீழே போய்விட்டது. பெரிய சுவர் கட்டி நிலத்தைச் சமப்படுத்திய பிறகுதான் தொடங்க முடியுமா? எந்தச் செடியை எங்கே வைப்பது?

பதில்: பெரிய சுவர் வேண்டாம். நீங்கள் சொல்லும் அளவுக்கு 6 மீட்டருக்கு 1 மீட்டர் இறக்கம் வருகிறது. இது மிதமான சரிவுதான். இதை ஒரே தளமாகச் சமப்படுத்தப் போனால் அடியில் கிட்டத்தட்ட 2 மீட்டர் உயரச் சுவர் தேவைப்படும். சுவரின் உயரம் இரண்டு மடங்கானால் அதன் மேல் மண் தரும் தள்ளுவிசை நான்கு மடங்காகும். மழையில் மண் ஊறி, தண்ணீர் வெளியேற வழி இல்லாமல் தேங்கினால் அந்த விசை இன்னும் கூடும். பொறியாளர் இல்லாமல் செய்யக்கூடாத வேலை அது. செலவு ஒருபுறம் இருக்கட்டும். சரிவு தரும் அழகையே அந்தச் சுவர் அழித்துவிடும். சமதளத்தில் பின்வரிசைச் செடி தெரிய வேண்டுமென்றால் உயரம் பார்த்து அடுக்க வேண்டும். உங்களுக்கோ நிலமே அடுக்கிக் கொடுத்திருக்கிறது.

நான் சொல்வது இதுதான்: பாத்திகளைச் சம உயரக் கோட்டில், அதாவது சரிவுக்குக் குறுக்கே எல்லா இடமும் ஒரே மட்டத்தில் இருக்கும் கோட்டில், கண்டிப்பாக அமையுங்கள், அந்தப் பாத்திக்குள் செடிகள் எப்படி வேண்டுமானாலும் கலந்து வளரட்டும். காட்டேஜ் தோட்டம் திட்டமில்லாமல் வளர்ந்தது போலத் தோன்றும். சரிவில் அந்தத் தோற்றம் நிலைக்க வேண்டுமானால் அடியில் இருக்கும் ஒழுங்கு துல்லியமாக இருக்க வேண்டும்.

சம உயரக் கோட்டைக் கண்ணால் பார்த்துப் போடாதீர்கள். சரிவில் கண் கட்டாயம் ஏமாறும். 2 மீட்டர் நீளக் குச்சிகள் இரண்டை மேல்முனையில் சேர்த்துக் கட்டி, நடுவில் ஒரு குறுக்குச் சட்டம் அடித்து, உச்சியிலிருந்து தூக்குக்குண்டு தொங்கவிடுங்கள். தரையில் நிறுத்தி, கயிறு குறுக்குச் சட்டத்தைத் தொடும் இடத்தைக் குறியுங்கள். பிறகு கால்களை இடம் மாற்றி, அதே இரண்டு புள்ளிகளில் நிறுத்தி, மறுபடி குறியுங்கள். இரண்டு குறிகளுக்கும் சரிநடுவில் கயிறு நிற்கும்போது இரண்டு கால்களும் ஒரே மட்டத்தில் இருக்கின்றன என்று அர்த்தம். இதைக் காலடி வைப்பது போலத் திருப்பித் திருப்பி நகர்த்தி, கால் படும் இடமெல்லாம் முளை அடித்துக்கொண்டே போனால் கோடு கிடைத்துவிடும். கொத்தனார் வைத்திருக்கும் தண்ணீர் டியூப் இருந்தால் வேலை இன்னும் சுலபம். கோடு நேராக வராது, வளைந்துதான் வரும். அந்த வளைவை நிமிர்த்தாதீர்கள். தோட்டத்தின் வடிவமே அங்கிருந்துதான் பிறக்கிறது.

இப்போது கணக்கு. 1.5 மீட்டர் அகலப் பாத்தி உங்கள் சரிவில் 25 சென்டிமீட்டர்தான் இறங்கும். மேல்பாதியில் கொஞ்சம் வெட்டி, அந்த மண்ணைக் கீழ்பாதியில் நிரப்பி, கீழ் விளிம்பில் ஒரு முழம் கூட உயரமில்லாத கல்வரிசை வைத்தால் பாத்தி சமமாகிவிடும். இப்படி மூன்று பாத்திகள் போதும். இடையில் மீதமிருக்கும் நிலத்தைச் சரிவாகவே விட்டு, புல்லோ தரையில் படரும் செடியோ வளரவிடுங்கள். மேலேயுள்ள பாத்தியிலிருந்து தப்பி வரும் மண்ணை அந்தப் பட்டைகள் பிடித்துக்கொள்ளும்.

அடியிலிருக்கும் பாத்தியிலிருந்து வேலையைத் தொடங்குங்கள். மேல்மண்ணைத் தனியாக எடுத்து ஓரமாகக் குவித்துவிட்டு, அடிமண்ணை மட்டும் வெட்டி நிரப்புங்கள். நிரப்பி முடிந்ததும், குவித்து வைத்த மேல்மண்ணை அதே பாத்தியின் மேல் பரப்புங்கள். இந்த வரிசையைப் பார்க்காமல் வெட்டினால் சத்துள்ள மண் அடியில் புதைந்து, வளமற்ற அடிமண் மேலே வந்துவிடும். செடி ஏன் வளரவில்லை என்று பிறகு உரத்தைக் கொட்டிக்கொண்டிருப்பீர்கள்.

விளிம்புக் கற்களில் பெரியவற்றை முதல் வரிசைக்கு எடுத்து, பாதியாவது மண்ணுக்குள் பதியுங்கள். அடுத்த வரிசை சற்றே மேட்டுப் பக்கம் சாய்ந்திருக்கட்டும். சிமென்ட் பூச வேண்டாம். இடுக்கு வழியாகத் தண்ணீர் கசிந்து போவதுதான் நல்லது. கல்லுக்குப் பின்னால் ஒரு கை அகலத்துக்கு ஜல்லி போடுங்கள். கல்லிடுக்கில் தைம் போன்ற சின்னச் செடிகளைச் செருகலாம். எங்காவது சுவர் 1 மீட்டரைத் தாண்டும் என்றாலோ, நிலத்தில் வெடிப்பு, ஊற்று, சாய்ந்து நிற்கும் மரம் எதாவது தென்பட்டாலோ நிறுத்திவிட்டுப் பொறியாளரை அழைத்துக் காட்டுங்கள்.

வீடு மேலே இருப்பதால் ஒன்றை அவசியம் பாருங்கள். கூரைத் தண்ணீர் எங்கே விழுகிறது? அது சரிவின் தலையில் கொட்டிக்கொண்டிருந்தால் எந்தப் பாத்தியும் நிற்காது. குழாய் வைத்து ஓரமாகக் கீழே இறக்குங்கள், அல்லது தொட்டியில் பிடியுங்கள். உங்கள் விதை அடித்துக்கொண்டு போனதற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

நடைபாதை நேராகக் கீழே இறங்கினால் மழை நாளில் அதுவே வாய்க்காலாகிவிடும். குறுக்காக வளைந்து இறங்கட்டும். ஆள் நடக்க 60 சென்டிமீட்டர், தள்ளுவண்டி போக 90. படி வைத்தால் உயரம் 15, அகலம் 35 சென்டிமீட்டர் அளவில் இருந்தால் கையில் வாளியோடு ஏறி இறங்க வசதி.

இனி செடி. ஒரே சரிவுக்குள் மூன்று விதமான நிலம் இருக்கிறது. உச்சியில் தண்ணீர் நிற்காது, காற்றும் வெயிலும் அதிகம். அங்கே லாவெண்டர், ரோஸ்மேரி, யாரோ (yarrow என்ற பூச்செடி), கைலார்டியா போல வறட்சியைத் தாங்குபவை. படரும் வகை ரோஸ்மேரி கல் விளிம்பைத் தாண்டி அழகாகத் தொங்கும். நடுவில் ரோஜா, எக்கினேசியா, ருட்பெக்கியா, சால்வியா, டேலில்லி. டேலில்லியின் கிழங்குபோல் தடித்த வேர்கள் கொத்தாகப் பரவி மண்ணை இறுகப் பிடிக்கும். சரிவுக்கு நான் முதலில் சிபாரிசு செய்யும் பூச்செடி அதுதான். அடியில் ஈரம் தங்கும். கல்வாழை, ஈரம் விரும்பும் ஐரிஸ் வகைகள் அங்கே நன்றாக வரும். பனி உறையும் குளிர்ப் பகுதியாக இருந்தால் இன்னொன்று: குளிர்ந்த காற்று கனமானது, இரவில் கீழே இறங்கி அடியில் தேங்கும். பனி தாங்காத செடியை அடிப் பாத்தியில் வைக்க வேண்டாம்.

உயரமானது பின்னால், குட்டையானது முன்னால் என்ற விதி உங்களுக்குப் பொருந்தாது. நீங்கள் மேலிருந்து பார்க்கிறீர்கள். 2 மீட்டர் வளரும் ஹாலிஹாக் அடிப் பாத்தியில் நின்றால் அதன் நுனி உங்கள் வீட்டுத் தரை மட்டத்துக்குத்தான் வரும், எதையும் மறைக்காது. அதையே உச்சியில் வைத்தால் கீழேயுள்ள தோட்டம் முழுதும் மறைந்துவிடும். யாரோ, எக்கினேசியா போல முகம் மேல்நோக்கி இருக்கும் பூக்கள் மேலிருந்து பார்க்கும்போது முழுதாகத் தெரியும். மணிபோலத் தலைகவிழ்ந்து தொங்கும் பூக்களைப் படியில் ஏறி வரும்போது கண்ணுக்கு நேரே வரும் இடத்தில் வையுங்கள். ஃபாக்ஸ்குளோவ் அப்படிப்பட்டதுதான், ஆனால் அதன் எல்லாப் பாகமும் விஷம். சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டில் அதைத் தவிர்த்துவிடுங்கள்.

பாத்திகளுக்கு இடையே சரிவாக விட்ட இடத்தில் நடும்போது ஒரு நுணுக்கம் உண்டு. குழியைச் சரிவோடு சாய்த்துத் தோண்டாதீர்கள். முதலில் ஒரு தட்டு அகலத்துக்கு மண்ணை வெட்டிச் சின்னத் திண்டாக்குங்கள். அதில் செடியைச் செங்குத்தாக வையுங்கள். வேர்க்கட்டியின் கீழ்ப்பக்கம் மண்ணுக்கு வெளியே துருத்தி நிற்கிறதா, மேட்டுப் பக்கம் தண்டின்மேல் மண் சரிந்து மூடுகிறதா என்று பாருங்கள். இரண்டுமே செடியைக் கெடுக்கும். பிறகு கீழ்ப்பக்கம் அரைநிலா வடிவில் விரல் உயரத்துக்கு ஒரு வரப்பு. ஊற்றும் தண்ணீர் அங்கே நின்று, மெல்ல வேருக்கு இறங்கும். ஒரு செடிக்கு நேர் கீழே இன்னொன்று வராமல், மேல்வரிசையின் இடைவெளியில் கீழ்வரிசைச் செடி வரும்படி நட்டால் ஓடும் தண்ணீருக்கு நேர்வழி கிடைக்காது.

விதை விஷயத்தில் சரிவை உங்கள் பக்கம் திருப்பிக்கொள்ளலாம். காட்டேஜ் தோட்டத்தின் உயிரே தானாக விழுந்து முளைக்கும் செடிகள்தான். சரிவில் அந்த விதைகள் கீழ்நோக்கியே பயணம் செய்யும். எனவே காஸ்மோஸ், காசித்தும்பை, வாடாமல்லி, சாமந்தி வகைகளின் தாய்ச்செடிகளை மேல் பாத்தியில் வையுங்கள். முற்றிய காசித்தும்பைக் காயை லேசாகத் தொட்டால் போதும், தோல் சுருண்டு விதை தெறிக்கும். தெறித்ததை மழை கீழ்ப் பாத்திகளுக்குக் கொண்டு சேர்க்கும். கல் விளிம்புக்கு உள்பக்கம் கொத்தாக முளைக்கும் நாற்றுகளைப் பிரித்து, இடைவெளி உள்ள இடத்தில் நடலாம். அடியில் தாய்ச்செடி வைத்தால் விதையெல்லாம் வேலிக்கு வெளியே போய்விடும். தானாகப் பரவும் செடி எதுவானாலும் உங்கள் பகுதியில் காட்டை ஆக்கிரமிக்கும் இனமா என்று கேட்டுத் தெரிந்துகொண்டு நடுங்கள். உண்ணிச்செடி அப்படிப் பல நாடுகளில் பெரும் தொல்லையாகிவிட்டது.

மூடாக்குக்கு மரத்தூளும் உமியும் வேண்டாம். மழையில் மிதந்து போய்விடும். நார்நாராகக் கிழிந்த மரச்சிம்பு ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு நிற்கும். 5 முதல் 7 சென்டிமீட்டர் கனம் போதும், தண்டை மட்டும் ஒட்ட வேண்டாம். சரிவான பட்டைகளில் சணல் வலை அல்லது தேங்காய் நார் வலை விரித்து, முளை அடித்து, கண்ணியை விலக்கி நடுங்கள். வலை மக்குவதற்குள் வேர் பிடித்துவிடும்.

தண்ணீரை ஒரே மூச்சில் ஊற்றாதீர்கள். கொஞ்சம் விட்டு, ஊறவிட்டு, மறுபடி விடுங்கள். சொட்டுநீர்க் குழாயைப் பாத்தி நீளத்துக்கு, அதாவது சம உயரக் கோட்டிலேயே போடுங்கள். 2 மீட்டர் இறக்கத்தில் அடிக்குழாயில் அழுத்தம் சுமார் 0.2 பார் (bar, அழுத்தத்தின் அலகு) கூடும். தொட்டியிலிருந்து குறைந்த அழுத்தத்தில் ஓடும் அமைப்பில் இந்த வித்தியாசம் பெரியது. மேல் செடி காயும், கீழ்ச் செடி அழுகும். ஒவ்வொரு பாத்திக்கும் தனி வால்வு வைத்தால் தீர்ந்தது.

நிலம் முழுவதையும் ஒரே சமயத்தில் வெறுமையாக்க வேண்டாம். ஒரு பருவத்துக்கு ஒரு பாத்தி. மற்ற இடத்தில் இருக்கும் புல்லை ஒட்ட வெட்டி விடுங்கள், பிடுங்காதீர்கள். இப்போதைக்கு உங்கள் மண்ணைப் பிடித்திருப்பது அதன் வேர்தான். கனமழைக்கு ஆறு முதல் எட்டு வாரம் முன்பே நட்டுவிடுங்கள், வேர் பிடிக்க அவ்வளவு காலம் வேண்டும். முதல் பெரிய மழையில் குடை பிடித்துக்கொண்டு போய், தண்ணீர் எந்த வழியாக ஓடுகிறது என்று பாருங்கள். கல் விளிம்பைத் தாண்டி வழியும் இடம் எதுவோ அங்கே முளை அடித்து வைத்து, மழை விட்டதும் விளிம்பை ஒரு கல் உயர்த்துங்கள், அல்லது தண்ணீர் நடைபாதை ஓரமாகப் போக ஒரு சின்ன வாய்க்கால் வெட்டிவிடுங்கள்.