மார்க் இல்லாத ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது?

கேள்வி: என் மகள் ஆறாம் வகுப்பு படிக்கிறாள். இந்த ஆண்டு முதல் பள்ளியில் மதிப்பெண் தருவதில்லை. 'பின்னங்களில் முன்னேறி வருகிறார்', 'ஆர்வமாகப் பங்கேற்கிறார்' என்று எழுதித் தருகிறார்கள். படிக்கிறாளா இல்லையா என்றே புரியவில்லை. வெளியே ஒரு நிறுவனத்தில் தேர்வு எழுத வைத்துப் பார்க்கலாமா?

பதில்: வேண்டாம். ஒரு மணி நேரத் தேர்வு, கலர் கலராக வரைபடம், 'கிரகிக்கும் திறன் 64 சதவீதம்' என்று ஓர் எண், கடைசிப் பக்கத்தில் அவர்களுடைய பயிற்சி வகுப்புக்கான விண்ணப்பம். இப்படி விற்கும் ரிப்போர்ட்டுகளை நிறையப் பார்த்தாயிற்று. காசு வாங்கிக்கொண்டு குழந்தையின் போர்ட்ஃபோலியோவை, அதாவது அவள் செய்த வேலைகளின் தொகுப்புக் கோப்பைத் தயாரித்துத் தருபவர்களும் கிளம்பிவிட்டார்கள். அடித்தல் திருத்தலோடு இருந்தால்தான் அந்தக் கோப்புக்கு மதிப்பு. பளபளவென்று இருந்தால் அதில் உங்கள் மகள் இல்லை.

மார்க் இருந்தால் மட்டும் என்ன தெரிந்துவிடும்? 72 என்றால் எது வரும், எது வராது? 1912-இல் ஸ்டார்ச், எலியட் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரே ஆங்கில விடைத்தாளை நூற்றுக்கும் அதிகமான ஆசிரியர்களிடம் திருத்தக் கொடுத்தார்கள். மதிப்பெண்கள் முப்பதுக்கும் மேல் வேறுபட்டன. 1988-இல் ரூத் பட்லர் என்ற கல்வி ஆய்வாளர் செய்த ஆய்வில், எழுத்துக் குறிப்பு மட்டும் பெற்ற மாணவர்கள் அடுத்த வேலையை இன்னும் நன்றாகச் செய்தார்கள். குறிப்போடு மார்க்கும் சேர்ந்ததும் அந்தப் பலன் போய்விட்டது. அதனால் ஆசிரியரிடம் போய் "சரி, மார்க்கா சொன்னா எவ்வளவு?" என்று கேட்காதீர்கள்.

குறிப்பு உருப்படியாக இருக்க வேண்டும், அது வேறு விஷயம். 'ஆர்வமாகப் பங்கேற்கிறார்' என்பது நடத்தைச் சான்றிதழ். 'முன்னேறி வருகிறார்' என்றால் எதிலிருந்து எதற்கு? உதவியில்லாமல் இன்று எதைச் செய்கிறாள், எங்கே தடுமாறுகிறாள் என்று கேளுங்கள். இரண்டு மாத இடைவெளியில் அவள் செய்த ஒரே வகைக் கணக்குகளை நோட்டில் காட்டச் சொல்லுங்கள். வீட்டிலும் பார்க்கலாம்: 3/4-உடன் 1/6-ஐக் கூட்டி, எப்படிச் செய்தாள் என்று விளக்கட்டும். 11/12 வந்தால் நல்லது. மேலே உள்ளதை மேலேயும் கீழே உள்ளதைக் கீழேயும் கூட்டி 4/10 என்றால், சிக்கல் எங்கே என்று ரிப்போர்ட் இல்லாமலே தெரிந்துவிடும்.

பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் அதே வாக்கியம் வந்திருந்தால் ஆசிரியரைத் திட்டாதீர்கள். மார்க்கை ஒரே சுற்றறிக்கையில் எடுத்துவிட்டார்கள். நாற்பது பேருக்கு நாற்பது விதமாக எழுத நேரம் எங்கே கொடுத்தார்கள்? மென்பொருளில் தயார் வாக்கியம் இருக்கிறது, தட்டிவிடுகிறார்கள். வேறென்ன செய்வார்கள்?

எண் கட்டாயம் தேவைப்படும் இடம் ஒன்று உண்டு: பள்ளி மாறுவது. புதுப் பள்ளி மதிப்பெண் கேட்டால், குறிப்பைப் பார்த்து அங்குள்ள அலுவலரே ஒரு எண்ணைப் போட விடாதீர்கள். நீங்களும் போடாதீர்கள். குறிப்பை மதிப்பெண்ணாக மாற்ற இணையத்தில் கிடைக்கும் அட்டவணைகளைத் தொடவே வேண்டாம். அவை உங்கள் பள்ளிக்காகச் செய்தவை அல்ல. எந்த நிலைக்கு என்ன மதிப்பெண் என்று பாடவாரியாகப் பழைய பள்ளியே எழுதித் தர வேண்டும். அதையும் மாற்றுச் சான்றிதழ் வாங்கும் முன்பே கேளுங்கள். வெளியே வந்தபின் கேட்டால் ஒருவர் இன்னொருவரைக் கைகாட்டுவார். தலைமையாசிரியரின் கையெழுத்து, முத்திரை, தேதி மூன்றும் இருக்கிறதா என்று அங்கேயே நின்று சரிபார்த்துவிட்டு வாருங்கள்.