ஃபத்தோரியின் வெள்ளைச் சுவர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

இத்தாலிய ஓவியர் ஜொவான்னி ஃபத்தோரி 1872இல் வரைந்த 'இன் வெதெத்தா' (காவலில்) ஓவியத்தை ஆயில் வண்ணத்தில் நகலெடுத்துப் பார்த்தேன். குதிரைவீரன் பரவாயில்லை. சுவரில்தான் வெயிலே இல்லை, புதிதாகச் சுண்ணாம்பு அடித்தது மாதிரி இருக்கிறது. இன்னொரு சந்தேகம்: இவரைத் தேசபக்தி ஓவியர் என்கிறார்களே, படங்களில் போரையே காணோமே?

கே.

அன்புள்ள கே.,

டைட்டானியம் வெள்ளையை டியூபிலிருந்து அப்படியே பூசியிருப்பீர்கள். அது சற்றே குளிர்ந்த நிறம். அவர் காலத்து ஈய வெள்ளையில் ஒரு இளஞ்சூடு உண்டு. (ஈயம் விஷம், அதைத் தேடிப் போகாதீர்கள்.) துளி மஞ்சள் காவி சேர்த்தாலே பாதி சரியாகிவிடும்.

மீதிப் பாதி நிழலில் இருக்கிறது. ஃபத்தோரி 'மாக்கியா' குழுவைச் சேர்ந்தவர். மாக்கியா என்றால் திட்டு. கோடு போட்டு உள்ளே நிறம் நிரப்புகிற வேலை அவர்களிடம் இல்லை. வெளிச்சத் திட்டும் இருட்டுத் திட்டும் முட்டும் இடம்தான் உருவத்தின் விளிம்பு. அதைக் கண்டுபிடிக்கக் காட்சியின் பிரதிபலிப்பைக் கறுப்புக் கண்ணாடியில் பார்ப்பார்கள். அணைத்துவைத்த கைபேசித் திரையே உங்களுக்குப் போதும்.

சின்ன மரப்பலகையில் தொடங்குங்கள். அவருடைய 'பல்மியேரி குளியல் மண்டபம்' (1866) வெறும் 12க்கு 35 செ.மீ.தான். பலகைக்கு வெள்ளைப் பூச்சு வேண்டாம், பழுப்பாகவே இருக்கட்டும். முதலில் வீரனின் கருமை, அடுத்து சுவரில் விழும் அவன் நிழல், அதற்குப் பிறகே சுவர். நிழலில் கறுப்பைக் கலந்தால் கரிபிடித்தது போலாகும். அல்ட்ராமரைன் நீலமும் பர்ன்ட் சியென்னா என்கிற செம்பழுப்பும் போதும். திட்டுகள் சேரும் இடத்தை மென்தூரிகையால் தடவிக் குழைக்காதீர்கள். உங்கள் வெயில் பெரும்பாலும் அங்கேதான் போயிருக்கும்.

போர் விஷயம். 1859இல் டஸ்கனியின் ரிக்காசோலி அரசு நடத்திய போட்டியில் வென்று அவர் வரைந்தது 'மஜெந்தா போருக்குப் பின் இத்தாலிய முகாம்'. சுமார் மூன்றரை மீட்டர் அகலத் துணி, இன்று ஃபிளாரன்ஸ் பித்தி அரண்மனையில் இருக்கிறது. சண்டை முடிந்துவிட்டது, வண்டியில் காயம்பட்டவர்கள், கூடவே கன்னியாஸ்திரிகள். 1859 ஜூன் 4 அன்று மஜெந்தாவில் ஆஸ்திரியரோடு பெரும்பாலும் போரிட்டது இத்தாலியருக்குத் துணையாக வந்த பிரெஞ்சுப் படை. இத்தாலியரை வாளோடு முன்னால் நிறுத்தியிருந்தால் பொய்யாகியிருக்கும். அவர் தேசபக்தியை நான் நம்புவது அதனால்தான்.

அடுத்து 'லோ ஸ்தஃபாத்தோ'வை (1880) எடுங்கள். அங்கவடியில் கால் சிக்கிய வீரனைக் குதிரை இழுத்துக்கொண்டு ஓடுகிறது. எதிரி யாரும் இல்லை, பாதை மட்டும். அதில் படிந்திருக்கும் ரத்தக் கோட்டைக் கடைசியில் வையுங்கள், சிவப்பில் கொஞ்சம் மண்நிறம் கலந்து.